அம்மாவுக்குப் படித்துக் காட்டு

ரெசர்வாயர், மெல்பர்ன்
14-7-2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நலம். அங்கே அம்மா, நீ, அத்தான், செல்வி, சின்னவன் எல்லோரும் நலம்தானே?

உன் கடிதமும் மஞ்சள் தடவிய பத்திரிகையும் போன செவ்வாய்க்கிழமை வந்தன. கவரைப் பிரித்ததும் மஞ்சள் தூள் மேஜையில் உதிர்ந்தது. துடைக்க மனம் வராமல் இரண்டு நாள் அப்படியே விட்டிருந்தேன். ஏழு மாதமாக ஒரு வரி எழுதவில்லை என்று நீ திட்டியிருப்பது நியாயம்தான். ஃபோனில்தான் பேசுகிறோமே என்று சொல்லலாம். ஆனால் அந்த ரெண்டு நிமிஷத்தில் "சாப்பிட்டியா", "இங்கே குளிரு", "சரி, வைக்கட்டா" என்பதைத் தவிர என்ன பேசினோம்? வீடியோவில் என் நெற்றி மட்டும்தான் தெரிகிறது என்கிறாள் அம்மா. அதனால் இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டு. மெதுவாகப் படி. எங்கே நிறுத்த வேண்டும் என்று நானே எழுதுகிறேன்.

அம்மா பயப்படுகிற மாதிரி இங்கே பனிக்கட்டி கொட்டுவதில்லை. ஜூலையில் சில நாள் விடியற்காலை புல்லின் மேல் உப்புத் தூவின மாதிரி வெள்ளையாக இருக்கும், அவ்வளவுதான். ஏழரை மணிக்குத்தான் விடிகிறது. சாயங்காலம் ஐந்தேகால் ஆனால் விளக்குப் போட வேண்டும். கம்பளிச் சட்டை இருக்கிறது. வேலை நல்லபடியாகப் போகிறது. சோறு, பருப்பு, ரசம் எல்லாம் நானே வைத்துக்கொள்கிறேன்.

படத்தில் என் பின்னால் கறுப்பாக ஒன்று நின்றதே, நாயா என்று சின்னவன் கேட்டிருந்தான். அது கோழி. பெயர் தாசில்தார்.

பக்கத்து வீட்டில் ஓர் இத்தாலித் தாத்தா இருக்கிறார் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். எண்பத்தேழு வயது. கலாப்ரியா என்ற பக்கத்திலிருந்து 1956இல் கப்பலேறி வந்தவர். வீட்டுக்குப் பின்னால் தக்காளி, அத்தி, எலுமிச்சை, நாலு கோழி என்று சொந்த ஊரையே அந்தக் கொல்லைக்குள் நட்டு வைத்திருக்கிறார். போன வருஷம் முழங்கால் ஒத்துழைக்காமல் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையோடு வந்து, எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த வேலிப் பலகைகளில் மூன்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, "இனிமேல் கோழி உன் பொறுப்பு, முட்டை ஆளுக்குப் பாதி" என்றார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்காரரிடமும் கேட்கவில்லை. என் பெயரும் அவர் வாயில் நுழையாது; "இந்தியா" என்றுதான் கூப்பிடுவார். அவர் தன் ஊர்ப் பேச்சில் கோழிகளைத் திட்டுவார், நான் "பா பா பா" என்று கூப்பிடுவேன். இரண்டுக்கும் வருகின்றன. இந்தத் தெருவில் இங்கிலீஷ் தெரியாதவை அவை மட்டும்தான்.

தாசில்தார் ஆஸ்திரலார்ப் என்ற இந்த நாட்டு இனம். பார்க்கக் கறுப்பு. வெயில் பட்டால் பச்சையும் ஊதாவுமாக மினுங்கும். இந்த இனத்தில் ஆறு கோழிகள் சேர்ந்து 1922-23இல் ஒரே வருஷத்தில் 1,857 முட்டை போட்டுச் சாதனை செய்தனவாம். எங்கள் தாசில்தாருக்கு அந்த வரலாறு தெரியாது போல. வாரத்துக்கு மூன்று போட்டால் பெரிய விஷயம். ஆனால் அதிகாரத்துக்குக் குறைவில்லை. தட்டு வைத்தால் முதலில் அதுதான் வாய் வைக்க வேண்டும். முந்திக்கொண்டால் மண்டையில் ஒரு கொத்து. அந்தக் கொத்து வாங்கினது தனக்குக் கீழே இருப்பதைக் கொத்தும். நம் பெரியப்பா வீட்டுப் பந்தி மாதிரி.

மற்ற மூன்றும் சிவப்புக் கோழிகள், இசா பிரவுன் என்பார்கள். ஒன்று பேச்சி. அம்மா கோபித்துக்கொள்ள வேண்டாம், சாமி பேர் என்று வைக்கவில்லை. ஓயாமல் பேசுவதால் வைத்தது. முட்டை போடுவதற்கு அரை மணி முன்னால் ஆரம்பித்து, போட்டு முடித்து அரை மணி வரை கேறும். இன்னொன்று ஊமைச்சி. முட்டை போட்டதே யாருக்கும் தெரியாது. மூன்றாவதுதான் கணக்கப்பிள்ளை.

கணக்கப்பிள்ளையைப் பற்றி ஒரு நோட்டே எழுதலாம். நான் வேலைக்குப் போகிற பூட்ஸ் போட்டு வெளியே வந்தால் தலையைக்கூடத் தூக்காது. ரப்பர் செருப்புச் சத்தம் கேட்டால் வேலிவரை ஓடி வரும். செருப்பென்றால் தீனி, பூட்ஸென்றால் ஒன்றும் கிடையாது என்று ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டது. தாசில்தார் தட்டை அடைத்துக்கொண்டு நின்றால் சண்டைக்குப் போகாது. பத்தடி தள்ளி ஒன்றுமில்லாத மண்ணை, புதையல் கிடைத்த மாதிரி பரபரவென்று கிளறும். தாசில்தார் பொறுக்கமாட்டாமல் அங்கே ஓடும். இது நிதானமாகத் தட்டுக்கு வரும். முதல் தடவை தற்செயல் என்று நினைத்தேன். நாலைந்து தடவை பார்த்த பிறகு எனக்குச் சந்தேகமே இல்லை.

தாத்தாவின் மகள் பள்ளிக்கூட டீச்சர். அவள் சொன்னாள்: இத்தாலியில் பாதுவா என்ற ஊரின் பல்கலைக்கழகத்தில் பிறந்து சில நாளே ஆன குஞ்சுகளை வைத்துச் சோதனை செய்தார்களாம். ஐந்து உருண்டைகளோடு பழகிய குஞ்சின் கண் முன்னால், ஒரு மறைப்புக்குப் பின்னால் மூன்றும் இன்னொன்றின் பின்னால் இரண்டுமாக ஒளித்து வைத்தால், மூன்று இருக்கிற பக்கம்தான் போகிறதாம். தாத்தாவுக்கு ஒரே பெருமை. "பார்த்தாயா, இத்தாலியக் குஞ்சு!" என்றார். கோழிகள் வானத்தில் வருகிற பகைக்கு ஒரு சத்தமும் தரையில் வருவதற்கு வேறு சத்தமும் கொடுக்கும் என்பதையும் ஆராய்ச்சியாகச் சொன்னாள். அதை நம் அம்மா அடுப்படியில் உட்கார்ந்துகொண்டே சொல்வாளே! "ஏலே, பருந்து சத்தம் கேக்கு, குஞ்ச எடுத்துப் பஞ்சாரத்துல போடு" என்பாள். கீரி வந்தால் வேறு மாதிரி கத்தும், அம்மா கம்பை எடுத்துக்கொண்டு போவாள். ஒரு நாளும் மாறியதில்லை.

அக்டோபரில் தாசில்தார் அடைக்கு உட்கார்ந்தது. சேவலே இல்லாத இடத்தில் என்ன குஞ்சு பொரியும்? தாத்தா எங்கிருந்தோ கரு உள்ள முட்டை ஏழு வாங்கி வந்து, ராத்திரி இருட்டில் அதன் அடியில் தள்ளிவிட்டார். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஒரு பழைய தாழ்ப்பாளை எடுத்து வைக்கோலுக்குள் செருகினேன், இடிக்கு முட்டை கெடாமல் இருக்க. சிரிப்பார் என்று நினைத்தேன். தாத்தா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "என் அம்மா ஆணி வைப்பாள்" என்றார். மகளிடம் கேட்டால், பிளினி என்ற ரோமாபுரிக்காரர் கிட்டத்தட்ட 2,000 வருஷத்துக்கு முன்னாலேயே இதை எழுதி வைத்திருக்கிறாராம், இரும்பு ஆணியை வைக்கோலுக்கு அடியில் வை என்று. அம்மாவிடம் இதைக் கட்டாயம் சொல்லு. அவள் வைத்தது மிளகாய் வத்தலும் கரித்துண்டும் சேர்த்து. அது ரோமில் இல்லை.

இருபத்தோராம் நாள் ஐந்து பொரிந்தன. மூன்று வெடைகளை மகள் கொண்டுபோனாள். இரண்டு சேவல். மெல்பர்னின் இந்தப் புறநகர் வீடுகளில் பெரும்பாலும் சேவல் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள், கூவும் என்பதற்காக. நாங்கள் இரண்டு பேரும் தெரியாத மாதிரி இருந்தோம். மார்ச்சில் ஒரு நாள் இருட்டோடு அதில் ஒன்று கூவியது. கரகரவென்று, பாதியில் உடைந்த கூவல். கண்ணைத் திறக்காமல் படுத்திருந்தேன் அக்கா. இன்னும் கொஞ்ச நேரத்தில் வாசல் தெளிக்கிற சத்தம் கேட்கும், வண்டிமாட்டுக் கழுத்துமணி கேட்கும், நீ குடத்தை எடுத்துக்கொண்டு என் காலை மிதித்துக்கொண்டு போவாய் என்று காத்துக்கொண்டிருந்தேன். மூலையில் குளிர்பெட்டி உறுமியது. அப்புறம் எழுந்து பல் தேய்த்தேன். பத்து நாளில் யாரோ புகார் கொடுக்க, இரண்டையும் ஒரு பண்ணைக்காரரிடம் கொடுத்துவிட்டோம். குழம்பு வைக்காமல் விட்டாயா என்று அம்மா கேட்பாள். தாத்தாவும் அதையேதான் கேட்டார்.

அம்மாவுக்கு இதுவரை போதும். மீதி உனக்கு மட்டும்.

கல்யாணத்துக்கு நான் வர முடியாது அக்கா. லீவு கிடைக்கவில்லை என்றே எல்லோரிடமும் சொல்லு. டிக்கெட் விலை ஆவணியில் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது, அதை விடு. செல்வியைத் தூக்கிக்கொண்டு தேர் பார்த்தவன் நான். பட்டம் கட்டவும் மாலை போடவும் என் இடத்தில் சின்ன மாமா மகன் நிற்கட்டும். அவனிடம் நானே பேசிவிட்டேன். தாய்மாமன் சீரில் குறை வராது. பாதி இந்த மாதக் கடைசியில் அனுப்புகிறேன், மீதி ஐப்பசிக்குள். நகைக்கடையில் அத்தான் தவணை சொல்லி வைக்க முடியுமா என்று பார்க்கச் சொல்லு. ஜூன் பணம் தாமதமானதற்கு வேறு காரணம் ஒன்றுமில்லை.

இன்னொன்று. கணக்கப்பிள்ளை இல்லை. மே மாதக் கடைசியில் ஒரு நாள் பகல் வேலை முடிந்து அப்படியே கிடங்கில் ராத்திரி வேலைக்கும் போய்விட்டேன் (சும்மா, பொழுது போகட்டும் என்று இரண்டு இடத்தில் பார்க்கிறேன்). கூட்டுக் கதவைச் சாத்த வர முடியவில்லை. இந்த ஊரில் நரி உண்டு, வேட்டையாடி விளையாட இங்கிலீஷ்காரர்கள் கப்பலில் கொண்டுவந்து விட்டது, தெருவிலேயே நடமாடும். காலையில் வந்து பார்த்தால் எலுமிச்சை அடியில் சிவப்பு இறகு. மற்ற மூன்றும் மேல் கம்பில் ஒட்டிக்கொண்டு இருந்தன. பேச்சி நாலு நாள் வாயே திறக்கவில்லை. தாத்தா ஒன்றும் சொல்லாமல் கதவுக்குப் புதுக் கொக்கி போட்டுக் கொடுத்தார். இப்போது செருப்புச் சத்தம் கேட்டால் யாரும் வேலிவரை வருவதில்லை. அம்மா கேட்டால் கணக்கப்பிள்ளை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடு.

பெண் பார்க்கிற விஷயம் இப்போதைக்கு வேண்டாம்.

பின்கட்டு விஷயம்: சித்தப்பா அவசரப்படுத்துவதற்காக அத்தான் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். அத்தான் பேருக்குப் பவர் பத்திரம் தயார் செய்து, இங்கே இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி அனுப்புகிறேன். வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டியாக வேண்டும், கல்யாண வேலையில் மறந்துவிடாதீர்கள். கிணற்றுக்குக் கிழக்கே, அம்மாவின் கோழிக்கூடு இருந்த இடம் நம் பங்கில்தான் வருகிறது. அளக்க வரும்போது நீயும் கூட நில்லு. அந்த இடத்தை எந்த விலைக்கும் கொடுக்க வேண்டாம்.

சீர்ப் பணத்தில் ஐந்நூறு ரூபாய் தனியாக எடுத்து வைத்து, திங்கட்கிழமைச் சந்தையில் அம்மாவுக்கு ஒரு சிவப்பு வெடை வாங்கிக் கொடு. கண் ஆபரேஷன் ஆனவள் எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்று கேட்காதே. அவள் சத்தத்தை வைத்தே பார்த்துக்கொள்வாள். சர்வே நம்பரையும் பழைய பட்டா நகலையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. போன தடவை அனுப்பியதில் கடைசி இரண்டு எண் உன் விரலுக்குக் கீழே போய்விட்டது.

அன்புத் தம்பி