அப்பாவுக்காக ஓடி வந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

கடந்த மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை, விடியற்காலை இரண்டரை மணி. அம்மா விளக்கைப் போட்டபோது அப்பாவின் தலையணையில் ரத்தம். வலது காதிலிருந்து வடிந்து கழுத்து வரை வந்திருந்தது. அப்பா இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, "மண்டை வெடிக்குது" என்று மட்டும் சொன்னார். அவருக்கு வயது 72. வலிக்கிறது என்று அவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

ஏழு வாரம் ஆகிவிட்டது. அப்பா நலமாக இருக்கிறார். உங்கள் ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன். "காதில் ஏன் ரத்தம் வந்தது?" என்று பலரும் கேட்டீர்கள். அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதல் நன்றி எதிர்வீட்டு மக்சிக்கிற்கு, அதாவது மலாய்க்காரப் பெரியம்மாவுக்கு. அந்த நேரத்தில் அம்மா அடுப்படியில் பூண்டு தட்டிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தார். காதுவலி என்றால் எங்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து அதுதான் மருந்து. நான் காதை அடைக்கப் பஞ்சு தேடிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு வந்த மக்சிக், கரண்டியைப் பார்த்ததும் "ஜாங்கான்! ஜாங்கான்!" (வேண்டாம்! வேண்டாம்!) என்று அம்மாவின் கையைப் பிடித்துவிட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். செவிப்பறை கிழிந்திருந்தால் எண்ணெய் நேராக நடுக்காதுக்குள் போய்விடும். மண்டை ஓட்டின் அடிப்பகுதியில் விரிசல் இருந்தால், வெளியிலிருந்து போகும் கிருமி மூளை வரை எட்டலாம். பஞ்சை வைத்து அடைத்தால் வெளியே வர வேண்டியது உள்ளேயே தேங்கும். இதையெல்லாம் அம்மாவுக்குப் புரியும் மலாயில் அவர் சொல்லிக்கொண்டே, சுத்தமான துணி ஒன்றைக் காதின் மேல் தளர்வாக வைத்தார். தலையணை உறையைத் துவைக்கப் போடாமல் பையில் எடுத்து வைக்கச் சொன்னதும் அவர்தான். ரத்தத்தோடு தண்ணீர் போல ஏதாவது கலந்திருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும், அது மூளையைச் சுற்றியிருக்கும் நீராக இருக்கலாம் என்றார்.

995ஐ அழைத்தோம். ஆம்புலன்சில் வந்த சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையினர் மூவருக்கும் என் வணக்கம். விழுந்தாரா, வாந்தி எடுத்தாரா, நினைவு தவறியதா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்று ஒவ்வொன்றாகப் பொறுமையாகக் கேட்டார்கள். அப்பாவின் மருந்துப் பட்டியல் என் கைப்பேசியில் படமாக இருந்தது. படமெடுத்து வைத்துக்கொள்ளும்படி சென்ற ஆண்டு பலதுறை மருந்தகத்தில் மருந்து கொடுத்த பெண்மணி சொல்லியிருந்தார். மருந்து கொடுத்த அம்மையாரே, உங்கள் முகம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை. ஆனால் அந்தப் படம் அன்று எவ்வளவு உதவியது தெரியுமா! விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தபோது 18.6 காட்டியது. இந்தியாவில் சொல்லும் கணக்கில் 330க்கு மேல்.

அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவரைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடல் முடியாது. விடியற்காலை ஐந்து மணிக்கு, அத்தனை நோயாளிகளுக்கு நடுவில், எங்கள் பக்கத்தில் நின்று அவர் விளக்கினார். காதில் ரத்தமும் கடுமையான தலைவலியும் சேர்ந்து வந்தால் முதலில் அஞ்ச வேண்டியது தலையில் பட்ட அடியைத்தான். காதுக்குள் இருக்கும் எலும்பில் விரிசல் விட்டிருக்கலாம். காதுக்குப் பின்னால் தெரியும் கன்றிய நீலம்கூட ஓரிரு நாள் கழித்தே வரும். அதனால் "விழவில்லை" என்று அப்பா சொன்ன பிறகும், மூன்று விதமாக அதே கேள்வியைக் கேட்டார். அம்மாவைத் தனியாக அழைத்தும் கேட்டார். பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று விழுந்ததை மறைக்கும் பெரியவர்கள் நிறையப் பேர் உண்டாம். உடனே சிடி ஸ்கேனும் எடுத்தார்கள். எலும்பு முறிவும் இல்லை, மூளையில் ரத்தக்கசிவும் இல்லை.

அப்புறம் மற்ற காரணங்கள். நடுக்காதில் சீழ் கட்டிச் செவிப்பறை வெடித்தாலும் ரத்தம் வரும், ஆனால் வெடித்த பின் வலி பெரும்பாலும் குறைந்துவிடும். அப்பாவுக்கு ஏறிக்கொண்டே போனது. அந்தத் தொற்று காதுக்குப் பின்னுள்ள எலும்புக்கோ மூளை உறைக்கோ பரவியிருந்தால் காய்ச்சலும் கழுத்து இறுக்கமும் வரும் என்று கழுத்தை மெல்ல வளைத்துப் பார்த்தார். விமானத்தில் காற்றழுத்தம் மாறும்போதும் செவிப்பறை கிழியலாம். நாங்கள் திருச்சியிலிருந்து திரும்பியதோ ஜனவரியில். அரிதாகக் காதுக்குள் வளரும் கட்டியும் காரணமாக இருக்கலாம், அதையும் விட்டுவிட மாட்டோம் என்றார்.

அப்போதுதான் அவர் கேட்டார்: "காது வலி எத்தனை நாளாக இருக்கிறது? இரவில் கூடுகிறதா? மெல்லும்போது தாடை வலிக்கிறதா?" எல்லாவற்றுக்கும் பதில் ஆமாம்தான். மூன்று வாரமாக இருந்தது. காது அரிக்கிறது என்று அப்பா தினமும் காதுக்குச்சி போட்டுக் குடைந்துகொண்டிருந்தார். மருந்தகத்தில் சொட்டு மருந்து கொடுத்து, மூன்று நாளில் குறையவில்லை என்றால் திரும்ப வாருங்கள் என்றும் சொல்லியிருந்தார்கள். நாங்கள்தான் போகவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

நோயின் பெயர் நெக்ரோடைசிங் ஓடைடிஸ் எக்ஸ்டெர்னா. செவிக்குழாயின் தோலில் தொடங்கும் தொற்று மண்டை ஓட்டின் அடி எலும்புக்குள் இறங்கிவிடுவது. பெரும்பாலும் சூடோமோனாஸ் என்ற கிருமிதான் காரணம். வயதானவர்கள், அதிலும் நீரிழிவு உள்ளவர்களைத்தான் அதிகம் பிடிக்கிறது. காது, மூக்கு, தொண்டை மருத்துவர் நுண்ணோக்கி வைத்துப் பார்த்தபோது செவிக்குழாயின் அடியில் சிவப்பாகச் சதை வளர்ந்திருந்தது. ரத்தம் கசிந்தது அதிலிருந்து. தலைவலிக்குக் காரணம் எலும்பில் ஏறிய அழற்சி. புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்ய அந்தச் சதையில் சிறிது எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த நாளில் அம்மா சாமிக்கு விளக்கேற்றி அழுதார்.

வார்டு தாதியரே, உங்களை எப்படி மறப்பேன்! ஒவ்வொரு முறை வேலை மாறும்போதும், "அப்பா, கொஞ்சம் சிரிங்க. கண்ணை இறுக்கி மூடுங்க. கன்னத்தை உப்புங்க" என்று தமிழிலேயே கேட்ட தங்கைக்குத் தனியாக நன்றி. இந்தத் தொற்று முக நரம்பைத் தாக்கினால் வாய் கோணிவிடும், அதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது. அப்பாவின் முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆறு வாரம் நரம்பு வழியாகக் கிருமிக்கொல்லி. முதல் இரண்டு வாரம் மருத்துவமனையில், மீதி நான்கு வாரம் கையில் பொருத்திய குழாயோடு தினமும் போய்வந்து. நான் வேலைக்குப் போன நாள்களில் அப்பாவின் காப்பிக்கடை நண்பர்கள் முறை வைத்து அவரைக் கூட்டிப்போனார்கள். ஐயா, உங்கள் மூவருக்கும் முட்டிவலி இருப்பது எனக்குத் தெரியும். காப்பிக்கடையில் பானம் விற்கும் அக்கா, அப்பா வாய் திறக்கும் முன்பே தே ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) எடுத்து வைக்கிறீர்களே, அவருடைய சர்க்கரை இறங்கியதில் உங்களுக்கும் பங்கு உண்டு. செலவைப் பற்றி நாங்கள் திகைத்து உட்கார்ந்திருந்தபோது மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி, மெடிசேவ் மருத்துவச் சேமிப்பு எல்லாவற்றையும் தாளில் எழுதிக் காட்டிய மருத்துவச் சமூக ஊழியருக்கும், கேட்டவுடன் விடுப்புக் கொடுத்த என் மேலாளருக்கும் நன்றி.

போன வாரம் குழாயை எடுத்துவிட்டார்கள். அப்பா இரவில் தூங்குகிறார். வலது காதில் கைப்பேசியை வைத்துப் பேசுகிறார். வீட்டில் இருந்த காதுக்குச்சி டப்பாவை அவரே எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டார்.

வரும் ஞாயிறு மதியம் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் எல்லாருக்கும் சாப்பாடு. மக்சிக்கும் வருவதால் கோழியை ஹலால் கடையில் சொல்லியிருக்கிறோம். சைவமும் தனியாக உண்டு. பரிமாறப்போவது அப்பாதான். கட்டாயம் வந்துவிடுங்கள்.

என்றும் நன்றியுடன்,
நான்காம் மாடி வீட்டு மகள்,
ஈசூன், சிங்கப்பூர்