இன்சுலினின் பாதையில் செல்லைக் கற்பிக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் செல்லின் அமைப்பு குறித்து அண்மையில் வெளியான பக்கத்தைப் படித்தேன். படம் தெளிவாக இருந்தது. பெயர்களும் பிழையின்றி இருந்தன. ஆயினும் உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, ரைபோசோம், கோல்கை உறுப்பு, லைசோசோம் என ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே வரியில் அதன் பணியைச் சொல்லி முடித்துவிடும் அந்த முறை, நம் வகுப்பறைகளிலும் வினாத்தாள்களிலும் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கும் ஒரு குறையை அப்படியே தொடர்கிறது. மேல்நிலை வகுப்புகளுக்குப் பல ஆண்டுகள் உயிரியல் கற்பித்தவன் என்ற முறையில் இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

செல்லின் ஆற்றல் மையம் எது என்று கேட்டால், ஒன்பதாம் வகுப்பு மாணவர் நொடியில் மைட்டோகாண்ட்ரியா என்று சொல்லிவிடுவார். அந்த ஆற்றல் எந்த வேலைக்குச் செலவாகிறது, கோல்கை உறுப்புக்குப் புரதம் எங்கிருந்து வந்து சேர்கிறது, ரைபோசோம்களில் சில மட்டும் ஏன் செல்லுக்குள் பரவியிருக்கும் சவ்வு வலையான எண்டோபிளாச வலையின்மேல் ஒட்டியிருக்கின்றன என்று அடுத்தடுத்துக் கேட்டால் பெரும்பாலும் மௌனமே கிடைக்கும். இதை மாணவரின் குற்றமாக நான் கருதவில்லை. உறுப்புகளின் பட்டியலைக் கொடுத்த நாம், ஒன்றின் வேலை எங்கே முடிந்து மற்றொன்றின் வேலை எங்கே தொடங்குகிறது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டோம். ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அது செல்லுக்குள் உருவாகி வெளியேறும் வரை அதைப் பின்தொடர்ந்தால் இக்குறை பெருமளவு நீங்கும். சர்க்கரை நோயைப் பற்றிக் கேள்விப்படாத வீடே இல்லாத நம் சூழலில், அதற்கு இன்சுலினைவிடப் பொருத்தமான பொருள் எனக்குத் தெரிந்தவரை வேறில்லை.

இன்சுலினுக்கான மரபணு மனிதரின் 11ஆம் குரோமோசோமில் உள்ளது. தோல் செல்லின் உட்கருவிலும் கல்லீரல் செல்லின் உட்கருவிலும் அதே மரபணு இருக்கத்தான் செய்கிறது; ஆனால் உடலுக்குத் தேவையான அளவில் அதைப் படித்துப் பயன்படுத்துவது, கணையத்தின் லாங்கர்ஹான்ஸ் திட்டுகளில் உள்ள பீட்டா செல் மட்டுமே. உட்கரு செல்லின் செயல்களைக் கட்டுப்படுத்துகிறது என்று பாடநூலில் படிக்கும் மாணவருக்கு, எந்த மரபணு எந்தச் செல்லில் படிக்கப்பட வேண்டும் என்ற இந்தத் தெரிவைக் காட்டினால்தான் அவ்வரி விளங்கும். மரபணுவிலிருந்து எடுக்கப்படும் தூது ஆர்.என்.ஏ. நகல், உட்கருவுக்குள்ளேயே வேண்டாத பகுதிகள் நீக்கப்பட்டு, உட்கரு உறையிலுள்ள துளைகள் வழியே சைட்டோபிளாசத்துக்கு வருகிறது. டி.என்.ஏ. ஒருபோதும் அவ்வாறு வெளியே அனுப்பப்படுவதில்லை.

அங்கே அந்த நகலைப் படிக்கத் தொடங்குவது ரைபோசோம். ரைபோசோமின் நுண்ணமைப்பை அணு அணுவாக வெளிப்படுத்தியதற்காக 2009இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவருள் ஒருவரான வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் சிதம்பரத்தில் பிறந்தவர் என்பதை இவ்விடத்தில் நம் மாணவர்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. ரைபோசோம் முதலில் உருவாக்குவது நமக்குத் தெரிந்த இன்சுலினை அன்று. 110 அமினோ அமிலங்கள் கொண்ட நீண்ட சங்கிலியை. அதன் முற்பகுதியில் உள்ள 24 அமினோ அமிலங்கள் முகவரிச் சீட்டாக இருந்து, சங்கிலி முழுமை பெறும் முன்பே ரைபோசோமை எண்டோபிளாச வலையின் சவ்வுக்குக் கொண்டு சேர்க்கின்றன. புரதங்கள் இவ்வாறு தம் முகவரியைத் தாமே சுமந்து செல்கின்றன என்பதைக் கண்டறிந்த குந்தர் புளோபெலுக்கு 1999இல் நோபல் பரிசு கிடைத்தது. சொரசொரப்பான எண்டோபிளாச வலையில் ரைபோசோம்கள் ஏன் ஒட்டியுள்ளன என்ற கேள்விக்கு விடை இதுவே: அவை அங்கேயே நிலையாகப் பதிக்கப்பட்டவை அல்ல, தாம் உருவாக்கும் புரதத்தின் தேவைக்கேற்ப அங்கே வந்து சேர்ந்தவை.

வலையின் உட்புறத்தில் அந்த 24 அமினோ அமிலங்களும் வெட்டி நீக்கப்படுகின்றன. மீதமுள்ள சங்கிலி உரிய வடிவில் மடிந்து, மூன்று கந்தகப் பிணைப்புகளால் இறுகுகிறது. இந்த மடிப்பு தவறினால் என்ன ஆகும் என்பதையும் மாணவர் அறிய வேண்டும். இன்சுலின் மரபணுவில் ஏற்படும் சில மாற்றங்களால் புரதம் தவறாக மடிந்து, எண்டோபிளாச வலையிலேயே தேங்கி, பீட்டா செல்லையே அழித்துவிடுகிறது; பிறந்த சில மாதங்களிலேயே குழந்தைக்குச் சர்க்கரை நோய் வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது 2007இல் வெளிப்பட்டது.

சரியாக மடிந்த முன்னோடி இன்சுலின் நுண்பைகளில் ஏறிக் கோல்கை உறுப்பை அடைகிறது. அங்கே பிரித்தெடுக்கப்பட்டுச் சுரப்புத் துகள்களுக்குள் அடைக்கப்படுகிறது. அத்துகள்களுக்குள்தான் சங்கிலியின் நடுப்பகுதி வெட்டப்பட்டு, 51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலின் உருவாகிறது. வெட்டப்பட்ட துண்டின் பெயர் சி-பெப்டைடு. நம் ஊர் ஆய்வுக்கூடங்களில் சர்க்கரை நோயாளிகளுக்குச் செய்யப்படும் சி-பெப்டைடு இரத்தப் பரிசோதனை இதைத்தான் அளக்கிறது. ஊசி மருந்தாகச் செலுத்தும் இன்சுலினில் இத்துண்டு இருப்பதில்லை. எனவே இரத்தத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால், நோயாளியின் கணையம் தானே எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்பது மருத்துவருக்குப் புலப்படும். கோல்கை உறுப்பின் பாடமும் வீட்டில் பாட்டியின் பரிசோதனைச் சீட்டும் ஒன்றையொன்று தொடும் இந்த இடத்தை எந்த ஆசிரியரும் தவறவிடக் கூடாது என்பது என் கருத்து.

இந்த வழித்தடம் கண்டறியப்பட்ட விதமும் சொல்லத் தக்கது. 1960களில் ஜார்ஜ் பலாடேயும் ஜேம்ஸ் ஜேமிசனும், செரிமான நொதிகளைச் சுரக்கும் கணையச் செல்களுக்குக் கதிரியக்க அமினோ அமிலத்தைச் சில நிமிடங்கள் மட்டும் கொடுத்து, பின்னர் அது எங்கே இருக்கிறது என்று எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தேடினர். முதலில் எண்டோபிளாச வலையில், சுமார் 20 நிமிடங்களில் கோல்கையில், ஏறத்தாழ 2 மணி நேரத்தில் சுரப்புத் துகள்களில் என அது இடம் மாறியது. இப்பணிகளுக்காகப் பலாடேவும், ஆல்பர்ட் கிளாட், கிறிஸ்டியன் டி டூவ் ஆகியோரும் 1974இல் நோபல் பரிசைப் பெற்றனர். லைசோசோமைக் கண்டறிந்தவர் இந்த டி டூவ்தான். பீட்டா செல்லில், வெளியேறாமல் பழையதாகிப்போன சுரப்புத் துகள்களைச் செரித்து, அவற்றின் மூலப்பொருள்களைத் திரும்பப் பயன்படச் செய்வது லைசோசோமே. தற்கொலைப் பை என்ற பட்டத்தை மட்டும் மனப்பாடம் செய்த மாணவருக்கு, செல் உயிரோடிருக்க அது நாள்தோறும் ஆற்றும் இப்பணி தெரியாமலே போகிறது.

இனி மைட்டோகாண்ட்ரியா. என் கடிதத்தின் மையமான செய்தி இதுதான். ஒரு பீட்டா செல்லில் ஏறத்தாழ 10,000 சுரப்புத் துகள்கள் காத்திருக்கின்றன. எப்போது இன்சுலினை வெளியேற்ற வேண்டும் என்பதைச் செல் எவ்வாறு அறிகிறது? இரத்தத்தில் குளுக்கோஸ் கூடும்போது, செல் சவ்வின் கடத்திப் புரதங்கள் வழியே அது உள்ளே நுழைகிறது; சைட்டோபிளாசத்தில் பாதி சிதைந்து, மைட்டோகாண்ட்ரியாவில் முழுமையாக எரிகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வு மடிப்பு மடிப்பாக இருப்பது, செல்லுக்கு ஆற்றலைச் சுமந்து தரும் மூலக்கூறான ஏ.டி.பி.யை உருவாக்கும் புரதங்கள் பதிந்திருக்கப் போதிய பரப்பு வேண்டும் என்பதால்தான். குளுக்கோஸ் எவ்வளவு வருகிறதோ அதற்கேற்ப ஏ.டி.பி. பெருகுகிறது. பெருகிய ஏ.டி.பி., செல் சவ்வில் உள்ள பொட்டாசியம் வாயில்களை மூடுகிறது. சவ்வின் மின்னழுத்தம் மாறுகிறது. கால்சியம் வாயில்கள் திறக்கின்றன. உள்ளே பாயும் கால்சியத்தின் தூண்டுதலால் துகள்களின் சவ்வு செல் சவ்வோடு இணைந்து, இன்சுலின் வெளியேறுகிறது. ஆக, இங்கே மைட்டோகாண்ட்ரியா ஆற்றலைத் தருவதோடு, இரத்தச் சர்க்கரையை அளக்கும் கருவியாகவும் இருக்கிறது. செல் சவ்வும் வெறும் வேலியாக நிற்கவில்லை. அளந்த செய்தியைச் செயலாக மாற்றுகிறது.

இதன் மருத்துவப் பயன் சிறிதன்று. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரைகள் மூடுவது இதே பொட்டாசியம் வாயில்களைத்தான். அவ்வாயிலை உருவாக்கும் மரபணு ஒன்றில் ஏற்படும் மாற்றம் பச்சிளங்குழந்தைகளின் சர்க்கரை நோய்க்குக் காரணமாகிறது என்று 2004இல் தெரியவந்தது. அக்குழந்தைகளுள் பெரும்பாலோர் இன்சுலின் ஊசியை விட்டு மாத்திரைக்கு மாற முடியும் என்று 2006இல் காட்டப்பட்டது. தாயிடமிருந்து மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வில் உள்ள ஒரு பிழை, சர்க்கரை நோயும் காது கேளாமையும் சேர்ந்து வரக் காரணமாகிறது என்பது 1992 முதலே அறியப்பட்டது. மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி டி.என்.ஏ. உண்டு என்று இரண்டு மதிப்பெண்ணுக்காகப் படிக்கும் செய்தி, ஒரு குடும்பத்தின் நோய் வரலாற்றை விளக்கக்கூடியது.

பீட்டா செல்லில் பசுங்கணிகமும் செல் சுவரும் இல்லை என்பது உண்மையே. அவற்றுக்கு நெல்லின் இலைச் செல் ஒன்றைத் தனியே எடுத்துக்கொள்ளலாம். பசுங்கணிகம் இருப்பதால் தாவரச் செல்லுக்கு மைட்டோகாண்ட்ரியா தேவையில்லை என்று எழுதும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்; பசுங்கணிகம் உருவாக்கும் சர்க்கரையை அதே செல்லின் மைட்டோகாண்ட்ரியாவே எரிக்கிறது என்று தொடர்புபடுத்திச் சொன்னால் அந்தப் பிழை நேராது.

எனவே, தங்கள் மாணவர் பகுதியில் அடுத்த முறை செல் பற்றி எழுதும்போது, பெயர் குறித்த படத்துக்குப் பக்கத்தில் இன்சுலின் செல்லும் வழியை அம்புக்குறிகளால் காட்டும் படம் ஒன்றையும் வெளியிட வேண்டுகிறேன். அதில் மைட்டோகாண்ட்ரியாவைத் தனித்து நிற்கும் ஒற்றை அவரை விதையாக வரையாமல், உயிருள்ள செல்லில் இருப்பதுபோல் பிரிந்தும் இணைந்தும் கிளைக்கும் வலையாக வரையச் சொல்லுங்கள். மாதிரி வினாக்களை அமைப்போர், "செல்லின் ஆற்றல் மையம் எது?" என்பதற்குப் பதிலாக, "பீட்டா செல்லின் மைட்டோகாண்ட்ரியா செயலிழந்தால் இன்சுலின் சுரப்பு என்னவாகும், ஏன்?" என்று கேட்கட்டும். பதினோராம் வகுப்பு மாணவர் இதற்கு அரைப் பக்கத்தில் விடை எழுதிவிட முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்.