லைசென்ஸ் ஒருத்தரோடது, வேலை பார்த்தது இன்னொருத்தர்: சேலம் கலெக்டருக்கு ஒரு மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள், சேலம்.
அனுப்புநர்: ஏற்காடு தாலுகாவுல குடியிருக்கிற ஒருத்தர் (பேர், அட்ரஸ் தனித்தாள்ல வச்சிருக்கேங்க)
பொருள்: ஒயரிங் கான்ட்ராக்டர் லைசென்ஸை உள்ளூர்லயே சரிபார்க்க வழி பண்ணித் தரக் கோரி

வணக்கம்ங்க. திங்கக்கிழமை குறைதீர் நாளுக்கு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து வரிசையில நின்னாலும் ரெண்டு நிமிஷத்துல சொல்லி முடிக்கற விஷயம் இல்ல இது, அதனால எழுதியே குடுத்துடறேன், நீளமா இருந்தா மன்னிச்சுக்கோங்க.

போன வருஷம் இங்க சின்னதா ஒரு வீடு கட்டினோம். ஒயரிங்குக்கு சேலத்துல இருந்து ஒருத்தர் வந்தாரு. விசிட்டிங் கார்டுல லைசென்ஸ் நம்பர் இருந்துச்சு, பக்கத்துலயே இபி கிரேடுன்னு இருந்ததைப் பார்த்து ஈபி ஆபீஸ்ல சம்பந்தப்பட்ட ஆளு போலன்னு நானே நினைச்சுக்கிட்டேன் (சிரிக்காதீங்க, எங்க தெருவுல பாதிப்பேரு அப்படித்தான் நினைக்கறாங்க). இஏ, இஎஸ்ஏ, இஎஸ்பி, இபிங்கறதெல்லாம் கான்ட்ராக்டர் லைசென்ஸோட கிரேடு, அதைக் குடுக்கறது சென்னை கிண்டியில இருக்கிற மின் உரிமம் வழங்கும் வாரியம், இது கரண்ட் அடிச்ச பிறகுதான் எனக்குத் தெரிஞ்சுது.

ஆமாங்க, அடிச்சுது. இந்தக் குளிருக்கு கீசர் போடாம முடியாது. ஐப்பசி மழையில ஒருநாள் வீட்டுக்காரம்மா பாத்ரூம் குழாயைத் தொட்டதும் கையை உதறிட்டு கத்துனாங்க, நல்லவேளை கால்ல ரப்பர் செருப்பு. வேற ஒரு ஒயர்மேன் தம்பியைக் கூப்பிட்டுப் பார்த்தா, கீசர் பாயிண்ட்ல பச்சை ஒயர் (லீக் ஆகற கரண்டை மண்ணுக்குள்ள இறக்கற எர்த் ஒயர்) ஒழுங்கா மாட்டி இருக்கு, சுவத்துக்குள்ள பைப்லயும் போகுது, ஆனா டிபி பாக்ஸைக் (வீட்டு லைனெல்லாம் பிரியற சுவிட்ச் பெட்டி) கழட்டுனா பின்னாடி அதே ஒயர் நுனியில கருப்பு டேப் சுத்தி சும்மா தொங்குது. வெளிய சிமெண்ட் மூடி போட்ட எர்த் குழியைத் தோண்டினா ஒன்றரை அடி பைப் துண்டு, கரி இல்ல, உப்பு இல்ல. ரெண்டடிக்குக் கீழ பாறை சார்னு சேலத்துக்காரரு வேலை நடக்கறப்பவே சொன்னாரு, சரி வேற இடத்துல தோண்டுவாருன்னு பார்த்தா அது மேலயே மூடியைப் போட்டுட்டுப் போயிட்டாரு. 30 மில்லி ஆம்பியர் லீக் ஆனாலே லைனைத் தட்டிவிடற ஆர்சிசிபி கொட்டேஷன்ல இருந்துச்சு, பாக்ஸ்ல இல்ல.

இதுல வேடிக்கை, ஒயரிங்கை சோதிச்சுப் பார்த்தாச்சுன்னு கான்ட்ராக்டர் எழுதிக் குடுக்கற டெஸ்ட் ரிப்போர்ட்தான். மெக்கர் வச்சு இன்சுலேஷன் பார்த்தோம், எர்த் பார்த்தோம்னு அளவெல்லாம் எழுதி கையெழுத்து இருக்கு, அந்தக் கையெழுத்துக்காரரு எங்க வாசப்படி மிதிச்சதே இல்ல. லைசென்ஸ் அவரோடது, வேலை பார்த்தது சேலத்துல இருந்து வந்தவரு. ரிப்போர்ட்டுக்கு இவ்வளவுன்னு வாங்கிட்டு கையெழுத்தை வாடகைக்கு விடறாங்க, இது புதுசில்லண்ணேங்கறாரு அந்த ஒயர்மேன் தம்பி. லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர்தான் வேலை எடுக்கணும், தகுதிச் சான்றிதழ் உள்ளவரு நேரடியா மேற்பார்வை பார்க்கணும்னு மத்திய மின்சார ஆணையத்தோட 2023 பாதுகாப்பு விதிமுறை சொல்லுது, எங்க வீட்ல மேற்பார்வை பார்த்தது எங்கப்பா மட்டும்தான், அவருக்கு எண்பது வயசு.

முன்னாடியே விசாரிச்சிருக்கலாமேன்னு நீங்க கேக்கலாம். அந்த லைசென்ஸ்காரரு இதுக்கு முன்னாடி எந்தெந்த வீட்டுக்கு ரிப்போர்ட் குடுத்தாரு, லைசென்ஸ் காலாவதியா, யாராச்சும் புகார் குடுத்திருக்காங்களான்னு ஈபி செக்‌ஷன் ஆபீஸ்ல கேட்டேன், கிண்டிக்கு எழுதிப்போடுங்கன்னாங்க. நாலு ரூம் வீட்டு ஒயரிங்குக்கு யாருங்க கிண்டிக்கு எழுதிட்டு உக்காந்திருப்பா?

அதனால நான் கேக்கறது, சேலம் மாவட்டத்துல லைசென்ஸ் உள்ளவங்க லிஸ்ட்டை நம்பர், கிரேடு, எந்தத் தேதி வரைக்கும் செல்லும்ங்கறதோட ஒவ்வொரு செக்‌ஷன் ஆபீஸ் வாசல்லயும் ஒட்டச் சொல்லுங்க, மாவட்ட வெப்சைட்லயும் போட்டா புண்ணியமாப் போகும். டெஸ்ட் ரிப்போர்ட் காப்பி ஒண்ணு வீட்டு ஓனருக்குக் கண்டிப்பா வரணும், யாரு கையெழுத்துன்னு பார்த்தாலே பாதித் தில்லுமுல்லு அங்கயே தெரிஞ்சுடும். கையெழுத்து வாடகை பத்தி மின் ஆய்வாளரை விசாரிக்கச் சொல்லுங்க. ஏற்காட்ல ஹோம்ஸ்டேவா மாத்தின வீடுங்க நிறைய, வந்து தங்கறவங்களுக்கு பச்சை ஒயர் எங்க தொங்குதுன்னு தெரியாது, அந்த வீடுகள்ல எர்த்தை மட்டுமாவது ஒருதடவை செக் பண்ண ஏற்பாடு பண்ணுங்க.

இணைப்பு: டெஸ்ட் ரிப்போர்ட் ஜெராக்ஸ் 1, விசிட்டிங் கார்டு ஜெராக்ஸ் 1, டிபி பாக்ஸ் போட்டோ 3.

இப்படிக்கு,
ஏற்காடுவாசி