எந்தப் பக்கத்தில் நுழைகிறார்கள் என்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுதொழில் செய்வோருக்கான இணையதளங்கள் குறித்துத் தங்கள் வணிகப் பகுதியில் வெளியான கட்டுரையைப் படித்தேன். முகப்புப் பக்கத்தை அழகாக அமைக்க வேண்டும், மாதந்தோறும் மொத்தப் பார்வைகளைக் கவனிக்க வேண்டும் என்றெல்லாம் சொன்ன கட்டுரையில், வாடிக்கையாளர் முதலில் எந்தப் பக்கத்தில் நுழைகிறார் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. சிறு வணிகர்களின் தளங்களைப் பராமரித்து வருபவன் என்ற முறையில், முதலில் பார்க்க வேண்டிய கணக்கு அதுவே என்பேன்.

கூகுளில் தேடி வருபவர்களில் பலர் முகப்பைப் பார்ப்பதே இல்லை. தேடிய பொருள் இருக்கும் உள்பக்கத்துக்கே நேராக வந்துவிடுகிறார்கள். தள வருகைகளைக் கணக்கிடும் கருவியான கூகுள் அனலிட்டிக்ஸில் உள்ள லேண்டிங் பேஜ் (நுழைவுப் பக்கம்) அறிக்கை காட்டுவது இதைத்தான். சென்னிமலைப் போர்வை வியாபாரி ஒருவரின் தளத்தில், போர்வை அளவுகளை விளக்கும் பக்கம்தான் அந்த அறிக்கையில் முதலிடத்தில் இருந்தது. விலையும் தொலைபேசி எண்ணும் முகப்பில் மட்டுமே இருந்ததால், அளவைத் தெரிந்துகொண்டவர்கள் அப்படியே வெளியேறிக்கொண்டிருந்தார்கள். அவ்விரண்டையும் அந்தப் பக்கத்தில் சேர்த்த பிறகு, அதைப் பார்த்துவிட்டு அழைப்பவர்கள் வரத் தொடங்கினார்கள். முகப்பை மாற்றியமைக்க அவர் எடுத்துவைத்திருந்த பணம் மிச்சமாயிற்று.

பவுன்ஸ் ரேட் (வந்தவர் வேறெதுவும் செய்யாமல் வெளியேறியதாகக் கணக்கிடப்படும் வருகைகளின் சதவீதம்) கூடினால் அந்தப் பக்கம் பயனற்றது என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை ஏற்க இயலவில்லை. பழைய அனலிட்டிக்ஸில், ஒரே பக்கத்தை ஐந்து நிமிடம் ஊன்றிப் படித்து, எண்ணைக் குறித்துக்கொண்டு போனவரும் பொதுவாக பவுன்ஸ் கணக்கில்தான் சேர்ந்தார். இப்போதுள்ள கூகுள் அனலிட்டிக்ஸ் 4-இல், வருகை 10 விநாடிக்கு மேல் நீடித்தாலோ, இரண்டு பக்கங்களைப் பார்த்தாலோ, நாம் முக்கியம் என்று குறித்துவைத்த ஒரு செயல் நடந்தாலோ அது பவுன்ஸ் ஆகாது. பழைய முறை 2023 ஜூலை 1 முதல் புதிய தரவுகளை ஏற்பதை நிறுத்தத் தொடங்கிவிட்ட நிலையில், அக்காலத்துச் சதவீதத்தை இன்றைய சதவீதத்தோடு ஒப்பிட்டு ஒரு பக்கத்தை நீக்கச் சொல்வது வணிகருக்கு நட்டத்தையே தரும்.

இன்னொன்று. 30 நிமிடம் எந்தச் செயலும் இல்லாவிட்டால் ஒரு வருகை முடிந்ததாகவே கருவி கொள்ளும். பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டு, வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் கழித்துத் தொடர்பவருக்கு, பணம் செலுத்தும் பக்கமே நுழைவுப் பக்கமாகப் பதிவாகிவிடலாம். வாட்ஸ்அப் இணைப்பின் வழியே வருபவர்களும் பெரும்பாலும், எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியாதவர்களைச் சேர்க்கும் 'டைரக்ட்' கணக்கில் சேர்ந்துவிடுகிறார்கள். பகிரும் இணைய முகவரியிலேயே, வருகை எதன் வழியே வந்தது என்று காட்டும் யூடிஎம் குறியீட்டைச் சேர்த்து அனுப்பினால் அவர்களைப் பிரித்தறியலாம்.

மொத்தப் பார்வைகளைக் காட்டியே விளம்பர முகவர்கள் சிறு வணிகர்களிடம் கட்டணம் வாங்கும் நிலையில், லேண்டிங் பேஜ் அறிக்கையின் மாதிரி ஒன்றைப் படத்துடன் வெளியிட்டு, அதைப் படிக்கும் முறையை எளிய தமிழில் விளக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஈரோடு.