பயப்பட வேண்டிய கல் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பூமியில் வந்து விழும் சிறுகோள்களைப் பற்றிய செய்திகளில் ‘சில மணி நேரத்துக்கு முன்புதான் கண்டுபிடித்தார்கள்’ என்று, விஞ்ஞானிகள் கோட்டைவிட்டது போலவே எழுதுகிறீர்கள். ஒன்றிரண்டு மீட்டர் கல் நமக்கு மிக அருகே வந்த பிறகுதான் தொலைநோக்கிக்கே புள்ளியாகத் தெரியும். அதை முன்கூட்டிப் பிடிப்பது கெட்டிக்காரத்தனம்.

2008 அக்டோபர் 6 அன்று அரிசோனாவின் லெம்மன் மலையிலிருந்து ரிச்சர்ட் கோவால்ஸ்கி கண்ட ‘2008 டிசி3’தான் இப்படிப் பிடிபட்ட முதல் கல். அகலம் சுமார் 4 மீட்டர். ஒரு நாள்கூட ஆகவில்லை, கணித்தபடியே வடக்கு சூடானின் பாலைவனத்துக்கு மேல், சுமார் 37 கி.மீ. உயரத்தில் வெடித்துச் சிதறியது. பிறகு கார்ட்டூம் பல்கலைக்கழக மாணவர்கள் பாலைவனத்தில் வரிசைகட்டி நடந்து கறுப்புத் துண்டுகளைப் பொறுக்கினார்கள். சுமார் 80 டன் கல்லில் கிடைத்தது 600 துண்டுகள், பத்துக் கிலோ சொச்சம்! விண்வெளியில் பார்த்த கல்லையே கையில் எடுத்துப் பார்த்தது அதுவே முதல் தடவை.

அதற்குப் பிறகும் பல கற்கள் பிடிபட்டுவிட்டன. ஹங்கேரியின் கிரிஸ்தியான் சார்னெட்ஸ்கி மட்டுமே 2022, 2023, 2024 என மூன்றைக் கண்டார். ஒன்று பிரான்சின் நார்மண்டியில், இன்னொன்று பெர்லின் அருகே விழுந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

ஆனால் 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேல் வெடித்த, ஏறத்தாழ 20 மீட்டர் கல்லை முன்கூட்டி யாருமே பார்க்கவில்லை. சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்ததால் தரையிலுள்ள தொலைநோக்கிகளுக்கு அது தெரிய வழியில்லை. காயமடைந்தோர் சுமார் 1,500 பேர். பெரும்பாலும் கண்ணாடி கிழித்த காயம். பளீரென்ற வெளிச்சம் என்னவென்று பார்க்கச் சன்னலுக்கு வந்தவர்கள் மீது, ஓரிரு நிமிடம் கழித்து வந்த அதிர்வலை கண்ணாடியைச் சிதறடித்தது. ஒரு பள்ளி ஆசிரியை மட்டும் பிள்ளைகளை மேசைக்கடியில் குனியச் சொல்லிவிட்டுத் தான் நின்றுகொண்டிருந்தார். நாற்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளும் தப்பினார்கள். அவர் கையில்தான் ஆழமான வெட்டு.

எனவே தலைப்பில் ‘பூமிக்கு ஆபத்தா?’ என்று கேட்பதை விட்டுவிட்டு, கல்லின் அகலம் எத்தனை மீட்டர், வெடிக்கும் நேரம் இந்திய நேரப்படி என்ன என்று போடுங்கள். கூடவே ஒரு பெட்டிச் செய்தி: வானில் கண்கூசும் வெளிச்சம் தெரிந்தால் சன்னல் பக்கம் போகாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
விருதுநகர்.