ஸ்கூட்டருக்கு ஆறடி நிலம் போதும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் வாசகர் கடிதப் பகுதியில், பல்கலைக்கழக வளாகத்துக்கு எதிரே கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் எழுதியிருந்தார். காலையில் கடை திறக்க வந்தால் ஷட்டருக்கு முன்னால் மாணவர்களின் வண்டி நிற்கிறது, சரக்கு இறக்க வழியில்லை, யாருடைய வண்டி என்று விசாரிக்கவும் ஆளில்லை, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பே இல்லை என்று வருத்தப்பட்டிருந்தார். அந்தக் கடைசி வரியைத் தவிர மற்றதெல்லாம் உண்மை. நான் அதே வளாகத்தில் ஆய்வு மாணவி. அங்கே வண்டி விட்டவர்களில் நானும் உண்டு. அதனால் கேட்டுக்கு உள்ளே நடப்பதையும் கொஞ்சம் சொல்கிறேன்.

எங்கள் வளாகத்தில் இரு சக்கர வண்டிகளுக்கு இருப்பது ஒரே ஒரு தகர ஷெட். ஒன்பது மணிக்கு முன்னால் வந்தால் இடம் கிடைக்கும். ஒன்பதேகாலுக்கு வந்தால், செக்யூரிட்டி அண்ணன் தூரத்திலிருந்தே கையை விரித்துவிடுவார். "உள்ள ஃபுல்லு மக்ளே, வெளிய எங்கயாவது போட்டுட்டு வா." அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் அந்த 'எங்கயாவது' என்பது மூன்றே இடங்கள்தான். ஒன்று சாலையோரம்; போன மாதம் அங்கே விட்டதற்கு 500 ரூபாய் அபராதம் என்று செல்போனுக்குச் செய்தி வந்தது. இரண்டாவது, மதில் ஓரத்துத் தென்னைமரங்களின் அடி. தோழி ஒருத்தியின் வண்டிமேல் மட்டை விழுந்து ஹெட்லைட்டும் ஒரு பக்கக் கண்ணாடியும் போயின. தேங்காயாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் இன்றும் மேலே பார்த்தபடிதான் நடக்கிறாள். மூன்றாவது இடம், அண்ணாச்சியின் கடை வாசல்.

இதைப் புகாராக எழுதிக் கொடுத்தோம். பதிலாக ஒரு சுற்றறிக்கை வந்தது: மாணவர்கள் பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்த வேண்டும். நல்ல யோசனைதான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது. வசதி இருக்கும்போது வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டோம். ஆனால் பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டுமே. கன்னியாகுமரி மாவட்டத்தின் அமைப்பு தெரிந்தவர்களுக்கு இது புரியும். 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர் வாழும் மாவட்டம் இது. என்றாலும், பாண்டி நாட்டு ஊர்களைப் போல இங்கே வீடுகள் ஒரு தெருவில் சேர்ந்து நிற்பதில்லை, குறிப்பாக எங்கள் மேற்குப் பகுதியில். ஒவ்வொரு வீடும் தன்தன் விளைக்குள், அதாவது தோட்டத்துக்குள், தனியாக இருக்கும். சுற்றிலும் தென்னை, வாழை, அதைத் தாண்டினால் ரப்பர். திருவட்டாறு பக்கம் இருக்கும் என் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு இருபது நிமிட நடை. அதில் பாதி ரப்பர் தோட்டத்து ஒற்றையடிப் பாதை. ஆய்வகத்தில் வேலை முடிய மாலை ஏழாகிவிடும். அதன்பின் பஸ் பிடித்து, இறங்கி, அந்த இருட்டில் நடந்து வர அம்மா சம்மதிக்கவில்லை. அப்பாதான் கூட்டுறவு சங்கத்தில் கடன் போட்டு ஸ்கூட்டர் வாங்கித் தந்தார். என்னோடு படிக்கும் பெண்களில் பலருக்கும் ஏறக்குறைய இதே கதைதான். எழுத்தறிவில் இந்த மாவட்டம்தான் தமிழ்நாட்டிலேயே முதலிடம் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். படிக்க வருகிறவள் எதில் வருகிறாள் என்பதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, உள்ளே இடமே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. நிர்வாகக் கட்டடத்துக்குப் பக்கத்தில் இன்டர்லாக் கல் பதித்து, கூரையும் போட்டு, கார்களுக்கென்று பெரிய இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் பாதி விருந்தினர்களுக்கு. பெரும்பாலான நாட்களில் அங்கே நாய்கள்தான் விருந்தினர். ஒரு நாள் டேப் எடுத்து என் வண்டியை அளந்து பார்த்தேன். நீளம் ஆறடி, அகலம் இரண்டரை அடிகூட இல்லை. ஒரு காருக்கு ஒதுக்கும் இடம் சாதாரணமாகப் பதினாறடிக்கு எட்டடி. அதில் நெருக்காமலே ஆறு ஸ்கூட்டர் நிறுத்தலாம். உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தர மதிப்பீடு வழங்கும் நாக் (NAAC) குழு வந்தபோது அந்த இடத்தின் ஒரு மூலையில் எங்களுக்கும் வெள்ளைக்கோடு போட்டுத் தந்தார்கள். சந்தோஷமாக நிறுத்தினோம். குழு ஊருக்குப் போனது. மறுவாரமே கோட்டின்மேல் குரோட்டன்ஸ் தொட்டிகள் வந்து உட்கார்ந்துவிட்டன.

இருக்கிற ஷெட்டையே ஒழுங்காகப் பயன்படுத்தினாலும் பாதித் தொல்லை தீரும். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் உள்ள கட்டண வண்டி ஸ்டாண்டுகளைக் கவனித்திருப்பீர்கள். வண்டியைக் கொண்டுபோனதுமே அங்கிருக்கும் ஆள், "ஹேண்டில் லாக் போடாண்டாம்" என்பார். நாம் டோக்கனை வாங்கிக்கொண்டு போய்விடுவோம். அவர் ஒவ்வொரு வண்டியாகத் தூக்கி, திருப்பி, ஹேண்டிலுக்கு ஹேண்டில் இடிக்காமல் அடுக்குவார். எங்கள் ஷெட்டை அவரிடம் ஒரு வாரம் கொடுத்தால், இப்போது நிற்பதைவிட எத்தனையோ வண்டிகளை அதிகமாக நிறுத்திக் காட்டுவார். எங்களிடம் கோடும் கிடையாது, அடுக்க ஆளும் கிடையாது. முதலில் வருபவர் சைடு ஸ்டாண்டில் சாய்த்து இரண்டு வண்டி இடத்தை எடுத்துக்கொள்கிறார். இதில் மாணவர்களாகிய எங்கள் தப்பும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஒரு வண்டி சரிந்தால் வரிசையே சரியும். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும்போது அடியில் கிடப்பதை எடுக்க நாலு பேரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

ஆகவே நிர்வாகத்திடம் கேட்பது பெரிய கட்டடம் ஒன்றுமல்ல. ஷெட்டுக்குள் கோடு போடுங்கள். காலை எட்டரை முதல் பத்தரை வரை வண்டி அடுக்க ஒருவரை நியமியுங்கள்; மாதம் ஒரு சிறு தொகை கட்டணமாகக் கேட்டாலும் தருவோம். விருந்தினர் இடத்தில் பாதியை விட்டுக்கொடுங்கள். மைதானத்து ஓரத்தில் நிறுத்தச் சொல்வதானால், தரைக்குக் கான்கிரீட்டாவது போட்டுவிட்டுச் சொல்லுங்கள். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கினால் அந்தச் செம்மண்ணில் ஸ்டாண்ட் புதைந்து வண்டி தானே படுத்துக்கொள்ளும். அந்த மழை ஓய்ந்து மூச்சுவிடுவதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். வருடத்துக்கு இரண்டு மழைக்காலம் உள்ள ஊரில் கூரை இல்லாத பார்க்கிங் என்றால், மாலையில் நனைந்த சீட்டில் உட்கார்ந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும். ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டிவிட்டுப் போனால் அது தண்ணீர் பிடித்த வாளி.

அப்புறம், கடைக்கார அண்ணாச்சிக்கு: வியாழக்கிழமை உங்கள் ஷட்டருக்கு நேராக நின்ற நீல ஸ்கூட்டர் என்னுடையதுதான். மன்னித்துக்கொள்ளுங்கள். இனி அந்தப் பக்கம் நிறுத்த வேண்டி வந்தால், பூட்டாமல் நிறுத்தி, சீட்டுக்கு அடியில் என் செல் நம்பரை எழுதிச் செருகி வைக்கிறேன். சரக்கு வண்டி வந்தால் நீங்களே தள்ளி வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஆய்வு மாணவி ஒருத்தி,
திருவட்டாறு.