அறுக்கும் முன் கேட்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொல்லிச் செய்யும் மரச்சாமான்களில் வரும் மனக்கசப்புக்குக் கைவேலையின் குறையைவிட, பலகையை அறுக்கும் முன் கேட்காமல் விட்ட கேள்விகளே பெரும்பாலும் காரணம். செய்பவர், செய்யச் சொல்பவர் இருவருக்கும் பயன்படும் என்று இதை எழுதுகிறேன்.

இப்போதெல்லாம் பேச்சு கைபேசியில் உள்ள ஒரு படத்தில்தான் தொடங்குகிறது. படத்தைப் பார்த்ததும் அளவு குறிக்க உட்காரக் கூடாது. அதில் பிடித்தது நிறமா, கால்களின் சாய்வா, பலகை மெல்லியதாகத் தெரிவதா என்று கேட்க வேண்டும். மெல்லிய தோற்றம்தான் வேண்டுமென்றால் 25 மி.மீ. பலகையின் அடிவிளிம்பைச் சரிவாக இழைத்து, ஓரத்தில் 12 மி.மீ. மட்டும் தெரியும்படி விடலாம்; பலம் குறையாது. பிடிக்காத படம் ஒன்றையும் காட்டச் சொல்லுங்கள். வேண்டாதது எது என்பதில் எல்லாருக்குமே தெளிவு அதிகம்.

'ஆறடி மேசை' என்று சொன்னால், எத்தனை பேர், எந்த நாற்காலியில் உட்காரப் போகிறார்கள் என்று கேட்க வேண்டும். ஒருவருக்கு 60 செ.மீ. அகலம் தேவை. மூலைகளில் 8 செ.மீ. தடிமனான கால்கள் நின்றால், 180 செ.மீ. மேசையில் மிஞ்சுவது 164 செ.மீ. தான், பக்கத்துக்கு மூவர் இடித்துக்கொண்டுதான் உட்கார முடியும். நாற்காலி ஏற்கெனவே இருந்தால் முதலில் அதை அளக்க வேண்டும். இருக்கைக்கும் மேசையின் மேற்பரப்புக்கும் 28 முதல் 30 செ.மீ. இடைவெளி வேண்டும். நாற்காலியின் கைகள் மேசையின் அடிச்சட்டத்தில் இடிக்குமா? பலர் மறப்பது இதைத்தான்.

அலமாரியில் துணியா, புத்தகமா என்பதைப் பொறுத்து அமைப்பே மாறும். ஹேங்கருக்கு உள் ஆழம் 55 செ.மீ. வேண்டும். புத்தகம் என்றால், 90 செ.மீ. நீளத்துக்கு மேல் போகும் 18 மி.மீ. பிளைவுட் தட்டு நடுவில் தொய்ந்துவிடும். நடுத்தாங்கல் வைக்க வேண்டும். டிராயரின் உள் அளவை முன்பே சொல்லிவிடுவது நல்லது. 40 செ.மீ. திறப்பில், டிராயர் ஓடும் சேனல் பட்டைக்கு 13 மி.மீ., பக்கப்பலகைக்கு 12 மி.மீ. என இரண்டு பக்கமும் போக, உள்ளே கிடைப்பது 35 செ.மீ. தான்.

இடத்தைப் போய்ப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது. சுவர்கள் அரிதாகவே நேராக இருக்கும்; மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து, மிகக் குறைந்த அளவை எடுங்கள். வாசல், படிக்கட்டுத் திருப்பம் இரண்டையும் அளக்க வேண்டும். 240 செ.மீ. உயரமும் 60 செ.மீ. ஆழமும் உள்ள அலமாரியின் மூலைவிட்டம் 247 செ.மீ.; கூரை 245 என்றால், படுக்கவைத்துக் கொண்டுபோனதை நிமிர்த்தவே முடியாது. இரண்டு பாகமாகச் செய்வதே வழி.

நிறத்தை அட்டையில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அதே மரத்துண்டில் கடைசிப் பூச்சு வரை அடித்து, சாமான் நிற்கப்போகும் அறையிலேயே பகலிலும் இரவு விளக்கிலும் காட்டுங்கள். திட மரம் ஈரப்பதத்துக்கேற்ப அகலவாக்கில் விரிந்து சுருங்கும் என்பதையும், சட்டத்துக்குள் நிற்கும் பலகைக்கு இடைவெளி விடுவது அதற்காகவே என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

அளவு, மரம், கீல், கைப்பிடி, பூச்சு எல்லாம் குறித்த வரைபடத்தில் இருவரும் கையெழுத்திடுவது அவசியம். ஆனால் பலருக்கு வரைபடம் பார்த்து அளவு மனதில் பிடிபடாது. தரையில் டேப் ஒட்டி நீள அகலத்தையும், அட்டைப்பெட்டிகளை அடுக்கி உயரத்தையும் காட்டுங்கள்; அவர்கள் அதைச் சுற்றி நடந்து பார்த்த பிறகு கையெழுத்து வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு தச்சர்